மறைப்பு நீங்கின் நம்பிக்கை பிறக்கும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)

 

குடல், மலம், இரத்தம் என்னுஞ் சொற்களைப் பெரியோர் நிறைந்த சபையிலே சிறியோராகிய நாம் எடுத்து மொழிவது சிலருக்குக் கூச்சத்தைத் தரலாம். பொறுத்தருளுமாறு முதலிலேயே வேண்டிக்கொள்கின்றோம். எனினும் இச்சொற்களை வீட்டிலே உரைக்கக் கூசியதனால் எத்தனையோ குடும்பங்கள் தாயையும் தந்தையையும் காலத்துக்கு முன் இழந்திருக்கின்றன. ஆதலின் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விடயம் பெருங்குடற் புற்றுநோயும், அந்நோய் தமக்கு உண்டென்று அறிந்த பின்னும் மனிதர் கொள்ளத்தக்க நம்பிக்கையுமாகும்.

கோட்டையிலிருந்து 138 ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறி ஹைலெவல் வீதி வழியே சென்றால், நுகேகொடையைக் கடந்து மகரகமையை அடையலாம். அங்குள்ள அரசாங்கப் புற்றுநோய் வைத்தியசாலையை நம்மவர் நெடுங்காலமாக 'மகரகமை' என்று ஊர்ப் பெயராலேயே சொல்லி வந்தனர். 'அவரை மகரகமைக்குக் கொண்டு போய்விட்டார்கள்' என்று ஒருவர் தாழ்ந்த குரலிற் சொன்னால், அதற்குமேற் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்பது கருத்து. இன்று அவ்வைத்தியசாலைக்கு 'அபேக்ஷா' என்று பெயர் வழங்குகின்றது. நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்பது சிங்களத்தில் அச்சொல்லின் பொருள். வடமொழியிற் பிறந்த அச்சொல் தமிழுக்கும் அந்நியமானதன்று. 'அபேட்சை' என்று நம் முன்னோர் அதனை வழங்கினர். தேர்தலில் நிற்பவரை 'அபேட்சகர்' என்று நமது பத்திரிகைகள் எழுதிய காலத்தை இச்சபையிலுள்ள முதியோர் நன்கறிவர். வைத்தியசாலையின் வாயிலிலே நம்பிக்கை என்று பெயர் எழுதியாயிற்று. நமது வீடுகளிலோ, வெள்ளவத்தையானாலுஞ் சரி கொட்டாஞ்சேனையானாலுஞ் சரி, அந்நோய்க்கு இன்னும் பெயரே கிடையாது. 'அந்த வருத்தம்' என்கின்றோம். பெயர் சொல்லவும் அஞ்சுகின்ற ஒன்றை எதிர்த்து நிற்பது எங்ஙனம்?

முதலில் இந்நோயின் இயல்பை அறிந்துகொள்வோம். பெருங்குடல் என்பது ஏறத்தாழ ஐந்தடி நீளமுள்ள குழாய். சிறுகுடலில் உணவின் சத்து உறிஞ்சப்பட்ட பின், எஞ்சிய கூழிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டு கழிவை வெளியேற்றுவது அதன் தொழில். அதன் உட்சுவரிலே சிலருக்குச் சிறு காளான்போன்ற முளைகள் தோன்றுவதுண்டு. அவற்றைப் பொலிப் என்பர். பெரும்பாலானவை ஒரு தீங்குஞ் செய்யாமற் கிடக்கும். சில மட்டும் மெல்ல மெல்ல வளர்ந்து புற்றாக மாறும். அங்ஙனம் மாறுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டளவு செல்லும் என்று மருத்துவர் கூறுகின்றனர். அன்பர்களே, இப்பத்தாண்டைக் கவனியுங்கள். கள்வன் வீட்டு வாயிலிலே பத்தாண்டு காத்திருந்து பின்பு உட்புகுவானாயின், அவனைக் காணாதிருந்த வீட்டுக்காரருக்கு அவகாசம் இல்லாமற் போயிற்று என்று சொல்லலாமா? 1969 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் வில்லியம் வூல்ஃப், ஹிரோமி ஷின்யா என்னும் மருத்துவர் இருவர், வளையும் குழாயொன்றைக் குடலினுட் செலுத்தி, வயிற்றைக் கீறாமலே அம்முளைகளை அறுத்தெடுக்கும் முறையைக் கைக்கொண்டனர். கொலனோஸ்கோபி என்று இன்று கூறப்படும் பரிசோதனை அதுவே. நோயைக் கண்டுபிடிப்பதோடு அமையாது, நோய் வருமுன்னரே அதன் வித்தைக் களையவும் வல்லது அது.

இந்நோய் அரிதானதன்று. 2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 19 இலட்சம் பேருக்குப் பெருங்குடலிலோ மலக்குடலிலோ புதிதாகப் புற்றுக் காணப்பட்டது. ஏறக்குறைய 9 இலட்சம் பேர் அதனால் மாண்டனர். முதியோர்க்கே உரியதென்று முன்பு எண்ணப்பட்ட இந்நோய் பல நாடுகளில் 50 வயதுக்குக் குறைந்தோரிடத்தும் கூடிவருகின்றது. அதனாலேயே 2021 இல் அமெரிக்காவில், அறிகுறி ஒன்றும் இல்லாதோரும் பரிசோதனை செய்யத் தொடங்கவேண்டிய வயதை 50 இலிருந்து 45 ஆகக் குறைத்தார்கள். ஆகையால் வாலிப அங்கத்தவர்களே, இது தாத்தாமாருக்குரிய பேச்சென்று பின்வரிசையில் இருந்து கொட்டாவி விடாதீர்கள்.

அறிகுறிகள் யாவை? மலத்தோடு இரத்தம் போதல், மலங்கழிக்கும் வழக்கம் காரணமின்றி மாறி, சில வாரங்கள் அம்மாற்றம் நிலைத்தல், கழித்த பின்னும் கழியாதது போன்ற உணர்ச்சி, வயிற்றில் விட்டுவிட்டு வரும் நோவு, உடல் மெலிதல், இரத்தம் குறைந்து படியேறவும் இளைத்தல் என்பன. இவை யாவும் வேறு சிறு நோய்களாலும் வரக்கூடும். இரத்தம் கண்டவர் எல்லாருக்கும் புற்று என்று நாம் பயமுறுத்தவில்லை. அவருட் பெரும்பாலாருக்கு மூலநோயாகவே இருக்கும். ஆனால் அது மூலமென்று சொல்ல வேண்டியவர் மருத்துவரேயன்றி அயல்வீட்டாரும் மருந்துக்கடைக்காரரும் அல்லர்.

நோய் மாறிப் பெயர் பெற்றதனால் வந்த கேடு ஒன்றையும், அக்கேட்டிலிருந்து விளைந்த பெரும் நன்மை ஒன்றையும் இங்கே சொல்லுதல் பொருந்தும். புதுக்கோட்டையில் 1886 இற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912 இற் பட்டம்பெற்று, பின்னர் சென்னைச் சட்டசபையில் அமர்ந்து பெண்களுக்காக வாதாடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை அறியாதார் இலர். அவருடைய இளைய சகோதரிக்கு வந்த நோயை வயிற்றுக்கடுப்பு என்றே கருதி மருந்து கொடுத்தார்கள். மெய்யாகவே அது மலக்குடற் புற்று. 1923 இல் அந்த இளம்பெண் இறந்தாள். மருத்துவராகிய தமக்கை அருகிலிருந்தும் காக்க முடியவில்லை. அத்துயரத்தை அவர் கண்ணீராகவே விட்டுவிடவில்லை. இங்கிலாந்து சென்றபோது இலண்டன் மாநகரப் புற்றுநோய் ஆஸ்பத்திரியிற் பயின்றார். தாய்நாடு திரும்பிய பின், புற்றுநோயாளருக்கென ஓர் ஆஸ்பத்திரி வேண்டுமென்று கால் நூற்றாண்டுக்கு மேல் ஓயாது கேட்டார். புற்றுநோய் வந்தவர் எப்படியும் சாகத்தானே போகிறார், அவருக்கு ஏன் தனி ஆஸ்பத்திரி என்று அதிகாரத்தில் இருந்தோரே வினவிய காலம் அது. 1952 இல் அடையாற்றிலே நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஆம் ஆண்டு யூன் மாதம் 18 ஆம் தேதி, 12 கட்டில்களோடு அடையாறு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அங்கு வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 இல் தாம் இறக்குமளவும் அந்நிலையத்தையே தம் இல்லமாகக் கொண்டு உழைத்தார். இன்று அது பல நூறு கட்டில்களைக் கொண்டு, ஏழை செல்வர் என்ற பேதமின்றி நோயாளரை ஏற்று நிற்கின்றது. ஒரு தங்கையின் நோய் பிழையாக அறியப்பட்டமையால் எழுந்த ஆலயம் அது என்று சொன்னால் மிகையாகாது.

இனி நம்பிக்கைக்கு ஆதாரம் யாது என்று பார்ப்போம். ஆதாரமில்லாத நம்பிக்கை மயக்கமேயாகும். அமெரிக்க நாட்டுக் கணக்குகளின்படி, பெருங்குடற் புற்று குடலுக்குள் அடங்கியிருக்கும்போதே கண்டு வெட்டியெடுக்கப்படுமாயின், நூற்றுக்குச் சுமார் 90 பேர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கின்றனர். அயலிலுள்ள நிணநீர்க் கணுக்களை எட்டிய பின்னர் கண்டாலும் 70 பேருக்கு மேல் வாழ்கின்றனர். ஈரலுக்கும் சுவாசப்பைக்கும் பரவிய பின்னரோ இத்தொகை 15 அளவுக்கு இறங்கிவிடுகின்றது. நோய் ஒன்றே, மருந்தும் ஏறக்குறைய ஒன்றே. அறிந்த காலந்தான் வேறு.

உலகறிந்தோர் இருவரைச் சொல்வோம். அமெரிக்க ஜனாதிபதி றொனால்ட் றேகனுக்கு 1985 ஆம் ஆண்டு யூலை மாதத்திற் பெருங்குடலில் ஏறத்தாழ இரண்டடி அறுத்தெடுக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 74. பதவிக்காலத்தை முடித்து, 2004 வரை வாழ்ந்து, 93 ஆம் வயதில் வேறு நோயால் மறைந்தார். அந்நாட்டு உயர்நீதிமன்றத்து நீதியரசர் ரூத் பேடர் கின்ஸ்பேர்க் அம்மையாருக்கு 1999 இல் அதே நோய் கண்டது. சத்திரசிகிச்சையும் மருந்தும் பெற்றுக்கொண்டே, ஒரு நாளும் தவறாமல் நீதிமன்றில் அமர்ந்தார். அதன்பின் இருபதாண்டுக்கு மேல் அவ்வாசனத்திலிருந்து தீர்ப்பு வழங்கினார்.

அவர்கள் பெரிய இடத்துப் பிள்ளைகள், செல்வநாட்டினர் என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆகையால் நமது வெள்ளவத்தைக்கே வருவோம். இளைப்பாறிய ஆசிரியையாகிய எமது பெரியம்மா ஒருவர் காலி வீதிக்குக் கடற்பக்கமாய் உள்ள ஒரு தொடர்மாடியில் வாழ்கின்றார். அவருக்கு மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கி ஆறு மாதம் வரை அது மூலமென்றே எண்ணப்பட்டது. ஒரு மருந்துக்கடையிற் களிம்பும் கொடுத்தார்கள். மூன்றாம் மாடிக்கு ஏற இளைத்தபோதுதான் இரத்தப் பரிசோதனையும், அதன்பின் கொலனோஸ்கோபியும் நடந்தன. அறிக்கை வந்த அன்றிரவு மாமாமாரும் சித்தப்பாமாரும் கூடி, 'அவவுக்குச் சொல்லக்கூடாது, சொன்னால் மனம் உடைஞ்சு போவா' என்று தீர்மானித்து, அறிக்கையை அலுமாரியிற் சேலைகளுக்கடியில் வைத்துப் பூட்டினார்கள். அவர்கள் செய்தது அன்பினாலேயே என்பதில் ஐயமில்லை. இச்சபையிலுள்ள ஒவ்வொரு குடும்பமும் அதையே செய்திருக்கும்.

ஆனால் முப்பது வருடம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே வீட்டுப்பாடம் செய்தார்களா இல்லையா என்று கண்டுபிடித்த ஆசிரியைக்குச் சொந்தச் சகோதரரின் முகத்தைப் படிக்கத் தெரியாதா? மறுநாட் காலை தேநீரைக் கொணர்ந்து வைத்துவிட்டு, 'எனக்கு வந்த வருத்தத்தை என்னைத் தவிர எல்லாருக்கும் சொல்லிப்போட்டியள் போல கிடக்கு. இனி எனக்கும் சொல்லுங்கோ' என்றார். சொன்னார்கள். சற்று நேரம் ஜன்னலூடாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, 'எப்ப வெட்டுகினம்?' என்று கேட்டார். சொல்லாமலிருந்த ஓரிரவில் அவ்வீடு பட்ட வேதனை, சொன்ன பின் பட்ட வேதனையினும் பெரிது என்று பிற்பாடு எல்லாரும் ஒப்புக்கொண்டனர்.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம், மருத்துவத்தை நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என நான்காக வகுப்பது நாம் பாடசாலையிற் கற்றதே. அந்நால்வகையுள் நோயுற்றவனை முதலில் வைத்தமை சிந்திக்கத்தக்கது. தன் உடம்பில் நடப்பதை அறியாதவன் எங்ஙனம் மருத்துவத்தின் ஒரு கூறாக முடியும்? சத்திரசிகிச்சைக்குச் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டியவன் அவன். மருந்தின் துன்பத்தைப் பொறுக்க வேண்டியவன் அவன். மெய்யை அவனிடமிருந்து மறைப்பது, படைத்தலைவனுக்குப் பகைவன் வந்தமையை அறிவியாது போருக்கு அனுப்புவதை ஒக்கும். எவ்வளவு சொல்வது, எந்தச் சொல்லாற் சொல்வது என்பதில் நிதானம் வேண்டும். ஒருவர் எல்லாவற்றையும் அறிய விரும்புவார். மற்றொருவர் சிறிது சிறிதாக அறிய விரும்புவார். அதனை அவரிடமே கேட்பது முறை.

தமிழிலே இவற்றைச் சொல்ல நல்ல சொற்கள் இல்லை, ஆகையாற் பேசுவது கடினம் என்று சிலர் உரைப்பதுண்டு. மிஷன் பாடசாலையிற் கற்ற நமக்கு அங்கே கேள்விப்பட்ட ஒரு வரலாறு நினைவுக்கு வருகின்றது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே நம்மவருக்கு மேலைத்தேச வைத்தியத்தைத் தமிழிலேயே போதித்தார். சத்திரவைத்தியத்தைப் பற்றிய 'இரணவைத்தியம்' என்னும் தமிழ் நூல் 1867 இல் வெளிவந்தது. குடலையும் குருதியையும் சத்திரத்தையும் நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னரே தமிழிற் கற்ற சமூகம், இன்று தாயின் நோயைத் தமிழிற் பேச நாணுவது விந்தையன்றோ?

பெரியம்மாவின் கதையை முடித்துவிடுவோம். சத்திரசிகிச்சையில் நோயுற்ற குடற்பகுதி எடுக்கப்பட்டது. எடுத்த நிணநீர்க் கணுக்கள் இரண்டில் நோய் இருந்தமையால் மூன்றாம் நிலை என்றனர். மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக எட்டுத் தடவை மகரகமைக்குச் சென்று மருந்தேற்றினார். வீட்டிற் குளிகைகளும் விழுங்கினார். கைவிரல்கள் விறைத்தன. குளிர்ந்த நீரைத் தொட்டால் ஊசி குத்துவதுபோல் இருந்தது. அரிசி கழுவும் வேலை பெரியப்பாவின் தலையில் விழுந்தது. இரண்டு தடவை 'இனிப் போகமாட்டன்' என்று படுத்துவிட்டார். மூன்றாந்தடவை போனார். இன்று ஆறாண்டு கடந்துவிட்டது. மாலையில் மெரைன் டிரைவ் வழியே பம்பலப்பிட்டி வரை நடக்கின்றார். 'நான் தப்பிப்போட்டன்' என்று ஒருபோதும் சொல்வதில்லை. 'இந்த வருசமும் கிளினிக்குக்குப் போட்டு வந்திட்டன்' என்பார். அடக்கமான நம்பிக்கை என்பது இதுதான் போலும்.

இங்கே மிகவும் கூச்சத்துக்குரிய ஒன்றைப் பேச வேண்டியுள்ளது. சத்திரசிகிச்சையில் தைத்த குடல் ஆறுமட்டும், வயிற்றிலே ஒரு துளை அமைத்து, கழிவு ஒரு பையினுட் சேருமாறு செய்வது சிலருக்கு அவசியமாகும். சிலருக்குச் சில மாதத்தின் பின் அது மூடப்படும். சிலர் வாழ்நாள் முழுவதும் பையோடு வாழ்வர். பெரியம்மாவுக்கும் ஐந்து மாதம் பை இருந்தது. மருந்தேற்றிய துன்பத்தை எல்லாம் சகித்தவர், ஒரு காரியத்துக்கு மட்டும் அழுதார். வெள்ளிக்கிழமை தோறும் போன கோயிலுக்கு இனி எப்படிப் போவேன் என்பதே அது. போனார், ஆனால் வெளிவீதியில் நின்று கும்பிட்டுத் திரும்பினார். ஒருவரும் அவரை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வாருங்கள் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. நாலாம் வாரம், காரணம் அறிந்த முதிய அம்மா ஒருவர் அவர் கையைப் பிடித்து, 'எல்லார் வயித்துக்குள்ளயும் உள்ளதுதானே பிள்ளை, உன்ர வயித்தில ஒரு பைக்குள்ள கிடக்கு. வா உள்ளுக்கு' என்று அழைத்துச் சென்றார். பெரியோர்களே, அந்த ஒரு வாக்கியத்துக்கு எட்டுத் தடவை ஏற்றிய மருந்தின் பெறுமதி உண்டு என்று நாம் கருதுகின்றோம். இவ்வாக்கை இளைஞர் சொன்னால் எடுபடாது. ஆசாரம் அறிந்த உங்களைப் போன்ற மூத்தோர் சொன்னாலே சமூகம் ஏற்கும். ஆகையால் இதனை உங்களிடம் விண்ணப்பமாகவே வைக்கின்றோம்.

அருகிருந்து உதவுவோர் என்னும் நான்காவது கூற்றுக்கு நம் சமயமரபிற் சிறந்த சான்று திலகவதியார் ஆவர். வயிற்றிலே சூலை பற்றித் துடித்த தம்பியார், தமக்கைக்கு ஆளனுப்பித் தம் நோயை அறிவித்தார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. பிரிந்து வேறு சமயம் புகுந்த தம்பியை அத்தமக்கையார் ஒரு கடிந்த சொல்லுமின்றி ஏற்றார். அத்தம்பியாரே நாம் போற்றும் அப்பர் சுவாமிகள். நோயை மறையாது உரைத்த தம்பி, குறை கூறாது ஏற்ற தமக்கை என்னும் இவ்விரண்டும் இன்றைய வீடுகளுக்கும் வேண்டியவை. 'முன்னமே காட்டியிருக்கலாம்', 'கண்டதையும் தின்றதால் வந்தது', 'என்ன பாவஞ் செய்தாரோ' என்ற மூன்று வார்த்தைகளை நோயாளியின் கட்டிலருகே எவரும் பேசாதிருப்பாராக. மதுவும் புகையும், பதப்படுத்திய இறைச்சியும், உடலுழைப்பின்மையும் நோய்க்கு வழிவிடுகின்றன என்பது மெய். தாய் தந்தை உடன்பிறந்தார்க்கு இந்நோய் இருந்தால் ஏனையோர் முற்கூட்டியே மருத்துவரைக் காணவேண்டும் என்பதும் மெய். ஆனால் குரக்கனும் கீரையும் உண்டு, ஒரு தீய பழக்கமும் இல்லாதோர்க்கும் இந்நோய் வருகின்றது. குற்றத்துக்குக் கிடைத்த தண்டனை என்று இதனைச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

மருந்தைப் பற்றியும் சிறிது சொல்வோம். 1957 இல் சாள்ஸ் ஹைடல்பேர்கர் என்னும் அமெரிக்க விஞ்ஞானியார் தம் கூட்டத்தாருடன் ஆக்கிய புளோரோயுராசில் என்னும் மருந்தே இன்றும் இந்நோய்க்கு அடிப்படை மருந்தாக விளங்குகின்றது. அதன்மேற் புதியன பல சேர்ந்துள்ளன. 2022 இல் நியூயோர்க்கிலுள்ள மெமோரியல் சுலோன் கெற்றரிங் நிலையத்தில், குறிப்பிட்ட ஒரு மரபணுத் தன்மை வாய்ந்த மலக்குடற் புற்றுடைய 12 பேருக்கு டொஸ்டார்லிமாப் என்னும் மருந்து மட்டும் கொடுக்கப்பட, சத்திரசிகிச்சையின்றியே அனைவர் புற்றும் மறைந்தது. இத்தன்மை நோயாளருட் சிலருக்கே உண்டு. ஆகையால் எல்லார்க்கும் இம்மருந்து உதவாது. எனினும் சில ஆண்டுகளின் முன் நினைக்கவும் முடியாத செய்தி அது. மற்றொரு செய்தி எல்லார்க்கும் உரியது. கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிற் பெருங்குடற் புற்றுக்குச் சத்திரசிகிச்சையும் மருந்தும் பெற்று முடித்த 889 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு உடற்பயிற்சியின் நன்மையை விளக்கும் புத்தகம் கொடுத்தனர். மறு பிரிவினரை மூன்றாண்டு வரை பயிற்சியாளர் துணையோடு ஒழுங்காக உடற்பயிற்சி செய்வித்தனர். விரைந்து நடத்தலும் அப்பயிற்சியில் அடங்கும். 2025 இல் வெளியான முடிவின்படி, எட்டாண்டின் பின் பயிற்சி செய்தோருள் நூற்றுக்கு 90 பேரும், மற்றோருள் 83 பேரும் உயிரோடிருந்தனர். காசு கொடாமலே கொள்ளத்தக்க மருந்து இது. வெள்ளவத்தையாருக்குக் கடற்கரை இருக்கின்றது.

எல்லாரும் பிழைப்பர் என்று நாம் பொய் கூறவரவில்லை. 'பிளாக் பாந்தர்' படத்தில் நடித்த சாட்விக் போஸ்மன் நான்காண்டு போராடி, 2020 இல் 43 ஆம் வயதில் இந்நோயாலேயே மறைந்தார். உதைபந்தாட்ட வீரர் பெலே 2021 இற் சத்திரசிகிச்சை பெற்று, 2022 திசெம்பரில் இறந்தார். மகரகமையிலேயே, குணப்படுத்த முடியாத நிலையை அடைந்தோர்க்கென இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் 'சாந்த சேவன' என்னும் இல்லமும் உண்டு. அங்கே இருப்போர்க்கும் நம்பிக்கை உண்டு. நோவு தணிந்த ஓரிரவு, பேரப்பிள்ளையின் வருகை, மன்னிப்புக் கேட்க எஞ்சியிருக்கும் ஒரு நாள் என அது வேறு உருக்கொள்ளுகின்றது. பிழைப்பது மட்டுமே வெற்றி என்று கொண்டால், பிழையாதோரைத் தோற்றவர் என்று இழிவுபடுத்தியவர் ஆவோம்.

2011 ஆம் ஆண்டில், தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரம், சிங்களவர் தமிழர் முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி மக்கள் நடந்தனர். போர் ஓய்ந்து இரண்டாண்டே ஆகியிருந்த வேளை. அந்நடையாற் சேர்ந்த பணத்தில் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2016 இல் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி மீண்டும் நடந்து, காலி கராப்பிட்டியில் அத்தகைய வைத்தியசாலைக்குப் பொருள் திரட்டினர். தெற்கின் கால்கள் வடக்கின் நோயாளருக்காகவும், வடக்கின் கால்கள் தெற்கின் நோயாளருக்காகவும் நடந்தன என்பது நம் காலத்துப் பெருமைகளுள் ஒன்று.

நமது சங்கம் யாது செய்யலாம்? பெரிய கட்டடம் எழுப்ப நம்மால் இயலாது. ஆனால் நமக்கு இயல்வது ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் சிகிச்சைக்காகக் கொழும்பு வருவோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறவினர் வீடுகளிலோ வாடகை அறைகளிலோ தங்குகின்றனர். அவருட் பலர் சிங்களம் அறியாத முதியோர். எந்த வரிசையில் நிற்பது, எந்தச் சீட்டை எங்கே கொடுப்பது, டொக்டர் சொன்னதன் கருத்து யாது என்பன விளங்காது கலங்குவர். மும்மொழியும் ஓரளவு அறிந்த வாலிபர் நம்மிடையே பலர் இருக்கின்றோம். மாதத்தில் ஒரு நாளை ஒவ்வொருவரும் ஒதுக்கினால், ஒரு நோயாளியோடு கூடப் போய், சொற்களை எடுத்துச் சொல்லி, மீண்டும் பஸ் ஏற்றிவிடலாம். இரத்ததானம் செய்யலாம். நாரஹேன்பிட்டியில் அரசாங்கம் நடத்தும் புற்றுநோய் ஆரம்பப் பரிசோதனை நிலையத்துக்குத் தயங்கி நிற்கும் பெரியோரை அழைத்துச் செல்லலாம். கஷாயத்தாலும் விரதத்தாலும் மட்டுமே மாற்றுவேன் என்று பணம் பறிப்போரிடமிருந்து அவர்களைக் காக்கலாம். இவற்றுக்குப் பட்டமும் பதவியும் வேண்டியதில்லை. பேச அஞ்சாத நாவும் கேட்கப் பொறுமையுள்ள செவியும் இருந்தால் போதும்.

இச்சபையிலுள்ள தாய்மார்களையும் தந்தையர்களையும் இறுதியாக ஒன்று கேட்டுக்கொள்கின்றோம். வரும் வாரத்தில் உங்கள் வீட்டில் எல்லாரும் கூடி உண்ணும் ஒரு வேளை, உங்கள் குடும்பத்தில் முன்பு எவர்க்கேனும் 'அந்த வருத்தம்' இருந்ததா என்பதைப் பெயர் சொல்லி எமக்குத் தெரிவியுங்கள். மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பும் என்றோ, மகனின் மனம் கலங்கும் என்றோ மறையாதீர்கள். எங்கள் பாட்டனார் எதனால் இறந்தார் என்பதை அறிவது எங்களுக்குக் கிடைக்கும் முதுசொம்களுள் ஒன்று. காணியினும் நகையினும் அது சில வேளை பெறுமதி மிக்கதாகும். பிள்ளைகளாகிய நாங்களும், எங்கள் உடம்பில் வேறுபாடு கண்டால் உங்களிடம் கூசாது சொல்வோம்.